உங்கள் ஊர் அணிக்கும் ஒரு ட்ரம்ப் கார்டு செட்!

பெட்டிக்கடையில் ட்ரம்ப் கார்டு வாங்கி, வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒளித்து வைத்து விளையாடி, வாத்தியாரிடம் பறிகொடுத்த அனுபவம் உங்களுக்கு உண்டா? மல்யுத்த வீரர்களின் உயரம், எடை, மார்பளவு, ரேங்க் எல்லாம் வாய்ப்பாட்டை விட நன்றாக மனப்பாடமாக இருக்கும். கிரிக்கெட் கார்டு என்றால் ரன், விக்கெட், சராசரி. இந்தக் கட்டுரையை எழுதும் நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான்.

சென்ற விடுமுறைக்கு எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். கொடைக்கானலை ஒட்டிய வில்பட்டி எங்கள் ஊர். அக்கா மகன் ஏழாவது படிக்கிறான். நான் வாங்கிப் போன கிரிக்கெட் கார்டு பாக்கெட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏன் மாமா, இதுல நம்ம ஊர்க்காரங்க யாருமே கெடையாதா?"

சிரிப்புதான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் வாலிபால்தான் பெரிய விளையாட்டு. அப்பா காலத்திலிருந்து அணி இருக்கிறது. யார் எத்தனை வருடம் ஆடினார்கள், யாருடைய சர்வீஸ் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சில் மட்டும்தான் இருக்கிறது. எங்கும் எழுதி வைக்கவில்லை. வீட்டில் லேப்டாப் இருக்கிறது, பிரிண்டர் இருக்கிறது, பத்து நாள் லீவும் இருக்கிறது. நாமே செய்தால் என்ன என்று உட்கார்ந்தோம். 18 கார்டுகள் கொண்ட ஒரு செட் தயாரானது. அதை எப்படிச் செய்தோம், எங்கே சறுக்கினோம் என்பதை இங்கே தருகிறேன். கிரிக்கெட், கபடி, கேரம் என்று உங்கள் ஊர் விளையாட்டு எதுவானாலும் இதே முறையில் செய்யலாம். தேவையான சாஃப்ட்வேர்களில் இலவசமாகக் கிடைப்பவையே போதும்.

கார்டு வந்த கதை

விளையாட்டு வீரர் கார்டுகள் ஒரு காலத்தில் வந்தது சிகரெட் பாக்கெட்டுக்குள்! பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். அதில் படம் அச்சிட்டால் வாங்குபவர் சேர்க்க ஆரம்பிப்பார் என்று கண்டுகொண்டார்கள். இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் 1896ல் 50 கிரிக்கெட் வீரர்கள் கொண்ட செட்டை வெளியிட்டது. அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட்டுடன் வந்த பேஸ்பால் கார்டுகளில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டு மிகக் குறைவாகவே அச்சானது. அதில் ஒன்று 2022ல் 72.5 லட்சம் டாலருக்கு விலை போனது.

பிறகு சிகரெட் போய் பபுள்கம் வந்தது. டாப்ஸ் நிறுவனம் 1952ல் வெளியிட்ட மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022 ஆகஸ்ட்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 1952 செட்டில் விற்காமல் தேங்கிய கார்டுகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் கடலில் கொட்டியதாக அதை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொன்னார். இன்று உலகம் முழுவதும் ஸ்டாண்டர்டாக இருக்கும் 2.5 x 3.5 அங்குல அளவு, டாப்ஸ் 1957ல் கொண்டு வந்தது. நாமும் இந்த அளவையே எடுத்துக்கொள்ளப் போகிறோம். காரணம், கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் உறைகளும் கார்டு ஆல்பங்களும் இந்த அளவுக்கே வருகின்றன.

நம் ஊரில் பபுள்கம்மோடு வந்த ரன், விக்கெட் கார்டுகளை அப்பாக்களும் மாமாக்களும் சேர்த்திருப்பார்கள். அதற்கடுத்த தலைமுறைக்கு ட்ரம்ப் கார்டு.

முதலில் முடிவு செய்ய வேண்டியது

கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேவை. நீங்கள் செய்யப் போவது சேர்த்து வைக்கும் கார்டா, விளையாடும் கார்டா?

சேர்த்து வைக்கும் கார்டு என்றால் முன்பக்கம் படம், பின்பக்கம் வாழ்க்கைக் குறிப்பு. இதில் எந்த விளையாட்டு வீரரையும் கலக்கலாம். உதாரணத்திற்கு, நம் தமிழ்நாட்டு வீரர்களை மட்டும் வைத்தே அருமையான செட் செய்யலாம். ஐந்து முறை உலக சாம்பியனான விஸ்வநாதன் ஆனந்த், 2024 டிசம்பரில் 18 வயதில் உலக செஸ் சாம்பியனான குகேஷ், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹாக்கி அணியின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன், கேரமில் இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம், ஒலிம்பிக்கில் வாள்வீச்சுப் போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியரான பவானி தேவி, 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற மாரியப்பன், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து போய் 2020-21 ஆஸ்திரேலியா டூரில் மூன்று வகைப் போட்டிகளிலும் அறிமுகமான நடராஜன் என்று பட்டியல் நீளும்.

விளையாடும் கார்டு வேறு. "விக்கெட் 537" என்று அஸ்வின் கார்டைப் போட்டால், எதிரே ஆனந்த் கார்டை வைத்திருப்பவர் எதைச் சொல்வார்? எல்லாக் கார்டுக்கும் ஒரே கட்டங்கள் இருந்தால்தான் ஆட்டம் நடக்கும். ஆகவே ட்ரம்ப் கார்டு செட்டுக்கு ஒரே விளையாட்டு, ஒரே மாதிரி கணக்கு என்பது கட்டாயம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ட்ரம்ப் கார்டில் எல்லாத் தகவலும் முன்பக்கமே இருக்க வேண்டும். பின்பக்கம் 18 கார்டுக்கும் ஒரே டிசைனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கத்தைப் பார்த்தே எதிராளி கார்டைக் கண்டுபிடித்து விடுவார். நாங்கள் இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுத்தோம்.

தகவல் சேர்ப்பது

சர்வதேச வீரர்களுக்கு நெட்டில் புள்ளிவிவரம் கிடைக்கும். ஊர் அணிக்கு நாம்தான் அளக்க வேண்டும். உண்மையில் இதுதான் இந்த வேலையிலேயே ஜாலியான பகுதி. எங்கள் செட்டுக்கு ஐந்து கட்டங்கள் வைத்தோம்.

1. உயரம் (செ.மீ.)
2. ஓடி வந்து தாவினால் கை எட்டும் உயரம் (செ.மீ.)
3. பத்து சர்வீஸில் கோர்ட்டுக்குள் விழுந்தவை
4. அணியில் ஆடிய ஆண்டுகள்
5. வெளியூர் டோர்னமெண்ட்டுகள்

தாவும் உயரத்தை அளக்கச் சுலபமான வழி இருக்கிறது. விரல் நுனியில் சாக்பீஸ் பொடியைத் தடவிக்கொண்டு சுவரை ஒட்டித் தாவி ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். சுவரில் விழும் அடையாளத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆண்கள் வாலிபால் நெட்டின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். யார் கை நெட்டுக்கு மேலே எவ்வளவு போகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். சாயங்காலம் ஆரம்பித்த அளவெடுப்பு, பனி இறங்கி சுவரே தெரியாமல் போகும் வரை நடந்தது.

முதல் பட்டியலில் 16 பேர் இருந்தார்கள். அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள். பட்டியலைப் பார்த்துவிட்டு, "வாலிபால் நாங்களும்தான் ஆடுறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவன் மாமாவுக்கும் மருமகனுக்கும் அது தோன்றவே இல்லை! அடுத்த நாள் அவளையும் அவள் டீமில் இருந்து இன்னும் நான்கு பேரையும் சேர்த்தோம். ஆடுவதை நிறுத்தி வெளியூர் போய்விட்ட மூன்று பேரை, அவர்களிடம் போனில் கேட்டுக்கொண்டே, அடுத்த செட்டுக்குத் தள்ளினோம். மொத்தம் 18. பத்து சர்வீஸில் 9 உள்ளே போட்டு செட்டிலேயே முதலிடம் பிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவள்தான்.

எக்ஸெல்லில் ஒரு சோதனை

எல்லா எண்களையும் எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் டைப் செய்யுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு வீரர், ஒரு காலத்திற்கு ஒரு கட்டம். கார்டு டிசைனில் இறங்கும் முன் இங்கேயே ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது.

ஒரே கார்டு ஐந்து கட்டத்திலும் முதலிடத்தில் இருந்தால் அதை வைத்திருப்பவர் தோற்கவே மாட்டார். எல்லாக் கட்டத்திலும் கடைசியில் இருக்கும் கார்டு கையில் வந்தால் யாரும் விரும்ப மாட்டார்கள். ஒரு சின்னப் பையன் தன் படம் போட்ட கார்டையே "இது வேணாம்" என்று மற்றவர்கள் தள்ளுவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படாதா?

இதற்கு ரேங்க் ஃபங்ஷன் உதவும். ஒவ்வொரு கட்டத்திற்கும் பக்கத்தில் ஒரு காலம் சேர்த்து, 18 பேரில் இவர் எத்தனையாவது என்று ரேங்க் மூலம் வரவழையுங்கள். கடைசியில் "சிறந்த இடம்" என்று ஒரு காலம் வைத்து, மின் ஃபங்ஷன் மூலம் அந்த ஐந்து ரேங்க்குகளில் சிறிய எண்ணை எடுங்கள். எல்லோருக்கும் இந்த எண் 6க்குள் இருந்தால் செட் ஓ.கே. அதாவது, ஏதாவது ஒரு கட்டத்திலாவது ஒவ்வொருவரும் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

யாருக்காவது 6ஐத் தாண்டினால் என்ன செய்வது? அக்கா மகன் சுலபமான வழி சொன்னான். "நம்பர மாத்தி அடிச்சுரு மாமா!" அது மட்டும் கூடாது. எண்ணைத் திருத்தக் கூடாது, கட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். எங்கள் செட்டில் இரண்டு பையன்களுக்கு 6க்கு மேல் வந்தது. இருவரும் உயரம் குறைவு. ஆனால் கீழே விழப்போகும் பந்தை எடுப்பதில் கில்லாடிகள். ஆகவே டோர்னமெண்ட் கட்டத்தை எடுத்துவிட்டு "பத்து பந்தில் எடுத்தவை" என்று புதுக் கட்டம் வைத்து எல்லோரையும் மறுபடி அளந்தோம். இருவரும் மேலே வந்துவிட்டார்கள்.

ஒரு டிப்ஸ்: தகவல் இல்லாத கட்டத்தில் கோடு போட்டிருந்தால் ரேங்க் ஃபங்ஷன் பிழை காட்டும். அதை இஃப்எரர் ஃபங்ஷனுக்குள் வைத்து, பிழை வந்தால் காலியாக விடும்படி செய்துவிடுங்கள். மின் ஃபங்ஷன் காலியானதைக் கணக்கில் எடுக்காது.

படங்கள்

இப்போது ஆடுபவர்களை மொபைல் கேமராவிலேயே எடுக்கலாம். நேர் வெயிலில் நிற்க வைக்காதீர்கள், கண் சுருங்கி முகத்தில் நிழல் விழும். மேகமூட்டமான நேரம் பொருத்தமானது. (எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை!) வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது யு.எஸ்.பி. கேபிள் மூலம் எடுங்கள்.

பழைய ஆட்டக்காரர்களுக்கு என்ன செய்வது? எங்கள் செட்டின் 18வது கார்டு என் சித்தப்பாவுடையது. 1986ல் இருந்து 2003 வரை 17 வருடம் ஊர் அணிக்கு ஆடியவர். சான்றிதழ்கள் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருப்பதால் இந்தக் கணக்கு துல்லியமாகத் தெரியும். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஆட்டக்காரராக அவர் இருக்கும் ஒரே படம், 1994ல் அணியோடு எடுத்த குரூப் போட்டோ. சுவரில் மாட்டி, பனி ஈரத்தில் ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்திருந்தது. அதில் அவர் முகம் ஏறக்குறைய ஒரு செ.மீ. உயரம்தான்.

இப்படிப்பட்ட படத்தை ஸ்கேன் செய்யும்போது ரெசல்யூஷனைக் கவனிக்க வேண்டும். ஒரு செ.மீ. முகத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 118 பிக்சல்தான் கிடைக்கும். 600ல் 236, 1200ல் 472. ஆகவே முகம் சிறியதாக இருந்தால் 1200 வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போவதில் பலனில்லை. போட்டோ பேப்பரில் இருக்கும் விவரம் அவ்வளவுதான், ஃபைல் சைஸ்தான் கூடும். ஃபிரேமில் கண்ணாடியோடு படம் ஒட்டியிருந்தால் பிய்க்க முயற்சிக்காதீர்கள். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள்.

சறுக்கிய இடம்

ஸ்கேன் செய்தும் படம் மங்கலாகத்தான் இருந்தது. நான் குளிக்கப் போன நேரத்தில் அக்கா மகன் மொபைலில் ஒரு ஏஐ ஆப் மூலம் அதைத் 'தெளிவாக்கி' வைத்திருந்தான். பார்த்ததும் அசந்து போனேன். கண், புருவம், பல் வரிசை எல்லாம் நேற்று எடுத்த படம் போல. கார்டில் போட்டு, ஒரு பிரிண்ட் எடுத்து, அப்பத்தாவிடம் கொண்டு போய்க் காட்டினோம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாருக்குப்பா. யாரு இது?" என்றார்.

அதன் பிறகுதான் நானும் சரியாகப் பார்த்தேன். சித்தப்பாவின் மூக்கு லேசாக ஒரு பக்கம் வளைந்திருக்கும். சின்ன வயதில் பந்து பட்டு உடைந்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும். புதுப் படத்தில் மூக்கு நேராகிவிட்டது. தழும்பைக் காணோம். சித்தப்பா சாயலில் யாரோ ஒருவர்!

இது ஏன் நடக்கிறது? சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் எனக்கே ஒரு நிமிடம் தோன்றாத விஷயம் இது. இந்த ஆப்கள் மங்கலான படத்தில் மறைந்திருக்கும் விவரத்தைத் தேடி எடுப்பதில்லை. அந்த விவரம் படத்தில் இல்லவே இல்லை. ஏராளமான முகங்களைக் காட்டிப் பழக்கிய மாடல், "இப்படிப்பட்ட இடத்தில் பொதுவாக இப்படி ஒரு மூக்கு இருக்கும்" என்று தானே வரைந்து நிரப்புகிறது. பொதுவான மூக்கு வளைந்திருக்காது. பொதுவான புருவத்தில் தழும்பு இருக்காது. இயற்கைக் காட்சியில் இது பெரிய தவறில்லை. ஆளை அடையாளம் காட்டும் படத்தில், அடையாளத்தையே அழித்துவிடுகிறது. அதிலும் அந்த ஒரு படத்தைத் தவிர வேறு படம் இல்லை என்னும்போது, பத்து வருடம் கழித்து இந்தப் பிள்ளைகள் அந்தப் புது முகத்தைத்தான் தாத்தா என்று நினைவில் வைத்திருப்பார்கள்.

அந்தப் பிரிண்டைக் கிழித்துப் போட்டோம். பழைய ஸ்கேனையே எடுத்து, ஜிம்ப்பில் லெவல்ஸ் மூலம் வெளிச்சத்தைச் சரி செய்து, முகத்தில் இல்லாத, பின்னணியில் இருந்த பூஞ்சைப் புள்ளிகளை மட்டும் ஹீல் டூல் மூலம் நீக்கினோம். முகத்தைப் பெரிதாக இழுக்காமல், பக்கத்தில் நிற்பவரின் தோளும் பின்னால் நெட்டும் தெரிகிற மாதிரி வெட்டினோம். சின்னதாக இருக்கும்போது மங்கல் கண்ணை உறுத்தாது. இந்த முறை அப்பத்தா எதுவும் கேட்கவில்லை. கார்டை வாங்கி முந்தானையில் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

ஆகவே பழைய படத்தில் ஏஐ பயன்படுத்துவதாக இருந்தால், ஒரிஜினல் ஸ்கேனைத் தனி ஃபோல்டரில் பத்திரமாக வையுங்கள். முடிவை அந்த ஆளை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், பெயர் சொல்லாமல் காட்டிப் பாருங்கள். இதை விடச் சிறந்த சோதனை கிடையாது.

ஜிம்ப்பில் கார்டு டிசைன்

ஜிம்ப் ஒரு இலவச சாஃப்ட்வேர். கீழ்க்கண்டவாறு செய்யுங்கள்.

1. ஃபைல் மெனுவில் நியூ கிளிக் செய்து, அகலம் 750, உயரம் 1050 பிக்சல் கொடுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரெசல்யூஷன் 300 என்று வையுங்கள். 2.5 x 3.5 அங்குலத்திற்கு இதுதான் கணக்கு.

2. நான்கு ஓரத்திலும் 35 பிக்சல் வெள்ளைக் கரை விடுங்கள். இது ஏறக்குறைய 3 மி.மீ. வெட்டும்போது கத்தி லேசாக விலகினாலும் பக்கத்துக் கார்டின் நிறம் இதில் வராது. பழைய கார்டுகளில் வெள்ளைக் கரை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

3. மேலே 680 x 600 பிக்சல் படத்திற்கு. கீழே மீதமுள்ள 380 பிக்சல் உயரத்தில் பெயருக்கு ஒரு பட்டை, ஐந்து கட்டங்களுக்கு ஐந்து வரி.

4. படம், பட்டை, பெயர், எண்கள் ஒவ்வொன்றையும் தனித்தனி லேயரில் வையுங்கள். இதை ஜிம்ப்பின் சொந்த ஃபார்மட்டில் 'மாடல்' என்று சேவ் செய்யுங்கள். அடுத்த கார்டுக்கு இதைத் திறந்து படத்தையும் எழுத்தையும் மாற்றினால் போதும். மாற்றிய பின் சேவ் கொடுக்காமல் எக்ஸ்போர்ட் கொடுத்து, பிஎன்ஜி ஃபைலாக 01, 02 என்று வரிசை எண்ணோடு சேமியுங்கள்.

5. தமிழ் எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், லதா போன்ற யூனிகோடு ஃபான்ட்டுகளே போதும். சுழி நிறைந்த நம் எழுத்துகள் 8 பாயின்ட்டுக்குக் கீழே போனால் அப்பிக்கொள்ளும். 300 டிபிஐயில் 8 பாயின்ட் என்பது 33 பிக்சல். அதற்குக் குறையாமல் வையுங்கள்.

ஒரு தாளில் ஒன்பது

ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்று என்று சரியாக 9 கார்டுகள் அடங்கும். 18 கார்டுக்கு இரண்டே தாள். வேர்டில் இப்படிச் செய்யலாம்.

பேப்பர் சைஸ் ஏ4. மேல், கீழ் மார்ஜின் 1.2 செ.மீ., பக்க மார்ஜின் 0.9 செ.மீ. மூன்று வரிசை, மூன்று காலம் கொண்ட டேபிள் ஒன்றைச் செருகுங்கள். டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் வரிசை உயரத்தை 8.89 செ.மீ. 'எக்ஸாக்ட்லி' என்றும், கால அகலத்தை 6.35 செ.மீ. என்றும் கொடுங்கள். செல் மார்ஜின் எல்லாவற்றையும் 0 ஆக்குங்கள். தானாக அளவு மாறும் ஆப்ஷனில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இப்போது ஒவ்வொரு செல்லிலும் ஒரு படத்தைச் செருகுங்கள். பாராகிராஃப் ஸ்பேசிங் 0 ஆக இருக்கட்டும்.

இங்கே இரண்டு இடத்தில் வேர்டு நம்மை ஏமாற்றும். முதலாவது, டேபிளுக்குக் கீழே எப்போதும் ஒரு காலிப் பாராகிராஃப் இருக்கும். அதற்கு இடம் போதாவிட்டால் காரணமே இல்லாமல் இரண்டாவது வெற்றுப் பக்கம் வரும். அந்தக் காலி வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்து அளவை 1 ஆக்கிவிடுங்கள். இரண்டாவது, சேவ் செய்யும்போது வேர்டு படங்களைச் சுருக்கிவிடும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், படத் தரம் பற்றிய பகுதியில் 'படங்களைச் சுருக்காதே' என்பதை டிக் செய்யுங்கள்.

முடிந்ததும் பிடிஎஃப் ஆக சேவ் செய்துகொள்ளுங்கள். வெளியே கடையில் பிரிண்ட் எடுப்பதாக இருந்தால் இது மிக முக்கியம். நான் முதல் நாள் வேர்டு ஃபைலையே பென் டிரைவில் கொண்டு போனேன். அந்தக் கடையில் வேறு வெர்ஷன். திறந்ததும் டேபிள் கலைந்து ஒன்பது கார்டும் ஏழு பக்கத்துக்குப் பரவின. திரும்பி வந்து பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு மறுநாள் போக வேண்டியதாயிற்று.

பிரிண்ட் எடுக்கும்போது

பிரிண்ட் விண்டோவில் 'ஃபிட்' என்று இருந்தால் 'ஆக்சுவல் சைஸ்' என்று மாற்றுங்கள். இதைக் கவனிக்காவிட்டால் கார்டு இரண்டு மூன்று மி.மீ. சுருங்கிவிடும். முதல் பிரிண்ட் சாதாரணத் தாளில் எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

பல மாதம் சும்மா கிடந்த இங்க்ஜெட் என்றால் நாசில் செக் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். கோடுகள் விட்டு விட்டு வந்தால் ஹெட் க்ளீனிங் கொடுங்கள். திரும்பத் திரும்ப க்ளீனிங் கொடுத்தால் இங்க்தான் வீணாகும்.

எந்தத் தாள்? கடையில் லேசர் பிரிண்ட் என்றால் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு கேளுங்கள். வீட்டு பிரிண்டர் எவ்வளவு கனம் தாங்கும் என்பதை அதன் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். தாங்காத தாளை நுழைத்தால் ரோலர் போய்விடும். பயமாக இருந்தால் 180 ஜிஎஸ்எம் மேட் போட்டோ பேப்பரில் முன்பக்கத்தைத் தனியாகவும் பின்பக்கத்தைத் தனியாகவும் எடுத்து ஒட்டிவிடலாம். ஒட்டுவதற்குத் தண்ணீர் கலந்த பசை வேண்டாம், தாள் நெளியும். க்ளூ ஸ்டிக் அல்லது இருபக்கமும் ஒட்டும் ஷீட் நல்லது.

இருபுறமும் ஒரே தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு கார்டுக்கும் வேறு வேறு பின்பக்கம் இருந்தால், பின்பக்கத் தாளில் இடது காலமும் வலது காலமும் இடம் மாற வேண்டும். முன்பக்கம் 1, 2, 3 என்றால் பின்பக்கம் 3, 2, 1. தாளைப் புரட்டும்போது கண்ணாடி போல மாறுவதுதான் காரணம். ட்ரம்ப் கார்டுக்கு ஒரே பின்பக்கம் என்பதால் இந்தத் தலைவலி இல்லை.

ஈரமும் கத்தியும்

எங்களைப் போல மலையில் இருப்பவர்களும், மழைக்காலத்தில் செய்பவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் ஈரப்பதம். பாக்கெட்டைப் பிரித்து மேஜையில் வைத்த போட்டோ பேப்பர் ஒரே இரவில் ஈரம் வாங்கி, மறுநாள் இரண்டு இரண்டு தாளாக உள்ளே போனது. அச்சான தாள்களை அடுக்கி வைத்ததில் ஒன்றின் நிறம் இன்னொன்றில் ஒட்டிக்கொண்டது. தேவையான தாளை மட்டும் எடுத்துவிட்டு பாக்கெட்டை மூடி வையுங்கள். அச்சான பின் ஒன்றன் மேல் ஒன்று வைக்காமல் ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். காயாத இங்க்ஜெட் பிரிண்டை லேமினேஷன் செய்தால் உள்ளே ஆவி நின்று வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோலை விடப் பேப்பர் கட்டரும் ஸ்டீல் ஸ்கேலும்தான் சரி. கீழே பழைய அட்டையை வைத்து, ஒரே அழுத்தில் வெட்டாமல் மூன்று நான்கு முறை லேசாக இழுங்கள். கட்டர் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள்.

லேமினேஷன் செய்வதென்றால் முதலில் வெட்டிவிட்டு, பிறகு பவுச்சுக்குள் இடைவெளி விட்டு அடுக்குங்கள். லேமினேட் ஆனபின் கார்டைச் சுற்றி 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள். ஓரத்தை ஒட்டி வெட்டினால் அந்த வழியாக ஈரம் உள்ளே போய்விடும். அந்த 2 மி.மீ. சேர்ந்தால் ஆல்பம் உறைக்குள் போகாது. ஆகவே ஆடும் செட்டுக்கு லேமினேஷன், சேர்த்து வைக்கும் செட்டுக்கு உறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலைகளை நகவெட்டியால் லேசாக வட்டமாக்கிவிட்டால் கையைக் குத்தாது.

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, வீணான தாளையும் சேர்த்து, 300 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

மறக்கக் கூடாதவை

பிரபல வீரர்களின் படத்தை நெட்டிலிருந்து எடுத்து வீட்டுக்குச் செய்துகொள்வது வேறு, அச்சடித்து விற்பது வேறு. படத்தின் காப்புரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கோ அவருடைய நிறுவனத்துக்கோ உரியது. விக்கிமீடியா காமன்ஸில் பயன்படுத்த அனுமதியுள்ள படங்கள் கிடைக்கின்றன. நிபந்தனையைப் படித்து, எடுத்தவர் பெயரைப் போடுங்கள். அணி லோகோக்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஊர்ப் பிள்ளைகளின் கார்டு என்றால் வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குழந்தையின் முகம், பெயர், பள்ளி மூன்றும் ஒரே படத்தில் இருக்கும் கார்டை இன்டர்நெட்டில் ஏற்றாதீர்கள். ஊர் பெயரும் செல்லப் பெயரும் போதும். முகத்தைத் தெளிவாக்கும் ஆப்களில் பல, படத்தை அவர்களுடைய சர்வருக்கு அனுப்பித்தான் வேலை செய்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக

சித்தப்பாவின் கார்டில் ஐந்தில் மூன்று கட்டங்கள் வெறும் கோடுதான். எவ்வளவு தாவினார், எத்தனை சர்வீஸ் உள்ளே போட்டார், எத்தனை பந்து எடுத்தார் என்று அன்று யாரும் அளக்கவில்லை. சுமாராக ஒரு எண்ணைப் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. போடவில்லை. உயரம் மட்டும் அவருடைய டிரைவிங் வேலை விண்ணப்ப நகலில் கிடைத்தது. கோடு போட்ட கட்டத்தைச் சொன்னால் தோல்வி என்பது நாங்கள் வைத்த விதி. ஆகவே செட்டிலேயே பலவீனமான கார்டு அதுதான் என்று நினைத்தேன்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். 'ஆடிய ஆண்டுகள் 17' என்பதை மிஞ்ச செட்டில் வேறு கார்டே இல்லை. அது கையில் வந்ததும் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்கிறார்கள். எதிராளி முனகிக்கொண்டே கார்டைக் கொடுக்கிறான். சித்தப்பாவைப் பார்த்தே இராத பையன்கள் அவர் பெயரைச் சொல்லிச் சண்டை போடுவதை, திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தா கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் ஊரிலும் சுவரில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருக்கும். அடுத்த லீவுக்குப் போகும்போது முதலில் அதை ஸ்கேன் செய்துவிடுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கார்டு பிறகு செய்துகொள்ளலாம்.